நுனி இல்லாத தறி

அத்தியாயம் 11

தட்டியதும் அப்பா இருமுவார். அதுதான் பதில்.

நாற்பது நாட்களாக ரீனா காலை ஆறே முக்காலுக்கு டிபன் கேரியரோடு அந்த வாசலில் நிற்கிறாள். தட்டுவாள். மனதுக்குள் எண்ணுவாள். ஏழு எண்ணுவதற்குள் உள்ளேயிருந்து இருமல் வரும். அதன் பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும். ஒரு நாள் பதினொன்று வரை போனது. அன்று முழுக்க இ-சேவை மையத்தில் அவள் அடித்த மனுக்களில் எல்லாம் பிழை.

இன்று முப்பது வரை எண்ணினாள்.

கொசப்பாளையத்தில் அந்த நேரம் தெரு சும்மா இருக்காது. நாலைந்து வீடுகளில் தறிச் சத்தம் தொடங்கிவிட்டிருந்தது. அப்பா வீட்டில் மட்டும் இல்லை. கதவில் கை வைத்தாள். சாத்தியிருந்ததே தவிர, தாழ் போடவில்லை. திறந்துகொண்டது.

அம்மா இன்னாசியம்மாள் இறந்து பத்து மாதம் ஆகிறது. எழுபத்து மூன்று வயது அடைக்கலசாமி அதன்பின் இந்த வீட்டில் தனியாக இருக்கிறார். முதல் ஆறு மாதம் தானே சமைத்தார், தானே கடைக்குப் போனார், பன்னிரண்டு நாளைக்கு ஒரு பட்டுச் சேலை நெய்து இறக்கினார். பிறகு இரண்டு தடவை பால் பொங்கி அடுப்பு அணைந்து கேஸ் வீடெல்லாம் பரவியது. மகள் ரீனாவும் சென்னையில் இருக்கும் மகன் ஆல்பினும் போனில் பேசி முடிவெடுத்தார்கள். கேஸ் சிலிண்டர் போனது. சாப்பாடு ரீனா வீட்டிலிருந்து வந்தது. ரோட்டில் விழுந்துவிடுவார் என்று மொபெட்டை விற்றார்கள். மறந்துவிடுவார் என்று பேங்க் கார்டை ஆல்பின் வாங்கி வைத்துக்கொண்டான்.

எல்லாம் அன்பில் செய்தது. அதில் சந்தேகம் இல்லை. அன்பில் செய்ததால் அவரைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அப்பா எல்லாவற்றுக்கும் சரி என்றார். சிலிண்டருக்குச் சரி. மொபெட்டுக்குச் சரி. எவ்வளவு பக்குவமான மனுஷன் என்று ஆல்பின் சொன்னான். போன வாரம் அரசு மருத்துவமனை டாக்டரம்மா வேறு மாதிரி சொன்னார். இது மறதி நோய் இல்லை, மனச்சோர்வு. வயதானவர்களுக்கு வந்தால் வீட்டில் இருப்பவர்கள் வயசாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். எதற்கும் மறுப்புச் சொல்லாத ஆளைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினமும் அவரே செய்வதற்கு ஏதாவது வேலை இருக்கட்டும், அதை மட்டும் எடுத்துவிடாதீர்கள் என்றும் சொன்னார். அதைக் கேட்டபோது ரீனா குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்த வீட்டுக்குள் நின்று அப்பா என்று கூப்பிட்டாள். பதில் இல்லை.

கூடத்து நாற்காலியில் நேற்றைய கேரியர். திறந்து பார்த்தாள். சோறு அப்படியே இருந்தது, புளித்திருந்தது. கட்டில்மேல் அவருடைய போன், சார்ஜரோடு. பக்கத்தில் மாத்திரை அட்டை. பதினைந்தில் பதிமூன்று மிச்சம் இருந்தன. மொத்தமாக விழுங்கவில்லை என்பதில் முதலில் ஒரு நிம்மதி. தினமும் விழுங்கவும் இல்லை என்பது அடுத்த நொடிதான் உறைத்தது.

தறி இருந்த அறைக்குள் நுழைந்ததும் அவள் முதலில் மேலே பார்த்தாள். உத்தரம் காலியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் தறியைப் பார்த்தாள்.

பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வேறு யாராவது வந்திருந்தால் சுத்தமான தறி என்று நினைத்திருப்பார்கள். ரீனா நெசவுக்காரன் மகள். ஒரு சேலையை அறுத்து இறக்கும்போது எந்த நெசவாளியும் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகள் முழுவதையும் தறியிலிருந்து உருவ மாட்டான். சீப்பு மாதிரி இருக்கும் அச்சுக்குள்ளும் அதற்குப் பின்னால் தொங்கும் விழுதுக்குள்ளும் பழைய இழைகளின் நுனியை ஒரு முழம் விட்டு வைப்பான். அடுத்த பாவு வரும்போது அதன் இழைகளை இந்த நுனிகளோடு ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைத்து இழுத்துக்கொள்வான். நுனி போனால் நாலாயிரத்துச் சொச்சம் இழையையும் விழுதின் ஒவ்வொரு கண்ணிலும் புதிதாகக் கோக்க வேண்டும். ஆள் வைத்தாலும் நாட்கணக்கில் ஆகும். அதனால் காய்ச்சலில் படுத்தாலும் ஊருக்குப் போனாலும் நுனியை மட்டும் விட மாட்டார்கள். அம்மாவின் அடக்கத்துக்கு மறுநாள்கூட இந்தத் தறியில் நுனி இருந்தது.

இன்று இல்லை. விழுதில் ஓர் இழை இல்லை. அச்சைக் கழற்றித் துணியால் துடைத்து, பேப்பரில் சுற்றிச் சுவரோரம் நிறுத்தியிருந்தார். அறுத்த நுனிகளை ஒரு சிட்டமாகச் சுருட்டி, அவர் உட்காரும் மணையின்மேல் வைத்திருந்தார். அரக்கு நிறம். தலைமுடிக் கற்றை மாதிரி இருந்தது.

இனி நெய்யப் போவதில்லை என்று முடிவு செய்தவன் செய்கிற வேலை இது. எழுபத்து மூன்று வயதில், வேறு எந்த வேலையும் தெரியாத ஒருவர், இனி நெய்யப் போவதில்லை என்றால் என்ன செய்யப் போகிறார் என்பதுதான் அவளை எழவிடாமல் உட்கார வைத்தது.

பக்கத்து வீட்டுப் புஷ்பலதா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். விடிவதற்கு முன்னால், ஐந்தரை இருக்கும், அப்பா குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு மஞ்சள் பையோடு போனாராம். கோவிலுக்கா என்று இவள் கேட்டதற்குத் தலையாட்டினாராம். சொல்லிவிட்டு அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"நேத்து சாயந்தரம் எங்க வூட்டுக்காரர்கிட்ட நாலு நாடாவக் குடுத்துட்டுப் போனாரு ரீனா. வெச்சிக்கோ, எனக்கு வேணாம்னாரு. இவரும் வாங்கி வெச்சிகினாரு. நான்கூட இன்னாத்துக்குன்னு கேக்கல."

நாடா என்பது ஊடை நூலைப் பாவுக்குக் குறுக்கே கொண்டுபோகிற மரக்கட்டை. வருஷக்கணக்கில் கை பட்டு வழவழப்பானது. பிள்ளைகள் விளையாட எடுத்தால்கூட அப்பா அடிப்பார்.

ரீனா ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு முதலில் தேவாலயத்துக்குப் போனாள். கதவு பூட்டியிருந்தது. இன்று காலைப் பூசை இல்லை என்றார் தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோவில்பிள்ளை. பின்னால் கல்லறைத் தோட்டத்தில் அம்மாவின் சிலுவையில் தூசி படிந்திருந்தது. யாரும் வந்த தடம் இல்லை. அங்கிருந்து ஆற்றுப் பாலம். போன வார மழைக்குக் கமண்டல நாகநதியில் பழுப்பாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். வெள்ளையாக ஏதோ முள்ளில் மாட்டிக்கொண்டு அசைந்தது. இறங்கிக் கிட்டே போய்ப் பார்த்தபோது அது சிமெண்ட் சாக்கு.

பாலத்தில் நின்றுதான் ஆல்பினுக்குப் போன் செய்தாள். அம்பத்தூரில் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அப்பா எங்கேயாவது நடக்கப் போயிருப்பார், சும்மா பேஜார் பண்ணாதே என்றான். அவள் தறியைப் பற்றிச் சொன்னாள்.

அவனும் அந்த வீட்டில் வளர்ந்தவன்தான்.

"முழுசாவா?" என்றான்.

"முழுசா. அச்சைக் கழட்டிச் சுத்தி வெச்சிருக்காருடா."

கிளம்பி வருவதாகச் சொன்னான். நண்பன் காரை வாங்கிக்கொண்டு வருகிறேன், இன்றைக்கே அவரைச் சென்னைக்குக் கூட்டி வந்துவிடுகிறேன், இனிமேல் தனியாக விட முடியாது என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போனான். பிறகு நிறுத்தி, அப்பா ஏன் இப்படிச் செய்தார், யாராவது எதுவும் சொன்னார்களா என்று கேட்டான்.

தெரியாது என்றாள் ரீனா.

அது பொய்.

பதினாறு நாட்களுக்கு முன்னால் ஒரு மத்தியானம் அவள் சாப்பாட்டோடு போனபோது அப்பா தறிக் குழியில் காலை விட்டபடி உட்கார்ந்திருந்தார். நெற்றி புடைத்திருந்தது. தலை சுற்றி முன்னால் சாய்ந்து மரத்தில் இடித்துக்கொண்டதாகச் சொன்னார். ஒன்றுமில்லை என்றார். இன்னும் நாலு விரல்கடை நெய்தால் சேலை முடியும் என்றார். அன்று சாயங்காலம் ரீனா யாரிடமும் சொல்லாமல், ஆல்பினிடமும் சொல்லாமல், எழிலரசன் வீட்டுக்குப் போனாள். அப்பாவுக்கு இருபத்தெட்டு வருஷமாகப் பாவும் பட்டும் கொடுத்துச் சேலை வாங்கிக்கொள்கிற முதலாளி அவர். இந்தச் சேலையோடு போதும், இனி அப்பாவுக்குப் பாவு கொடுக்காதீர்கள் என்று சொன்னாள். நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள் என்றும் சொன்னாள்.

இப்போது பாலத்திலிருந்து நேராக அங்கேதான் போனாள்.

எழிலரசன் பனியனோடு காபி குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் டம்ளரைக் கீழே வைத்தார். நல்ல மனுஷர். நல்ல மனுஷர்கள் பொய் சொல்லும்போது அரைகுறையாகச் சொல்வதில்லை.

அடைக்கலசாமி சேலையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அடுத்த பாவு கேட்டிருக்கிறார். இவர் இப்போது ஆர்டர் இல்லை என்றிருக்கிறார். அடைக்கலசாமி நம்பவில்லை. உள்ளே பாவு சுருட்டி அடுக்கியிருப்பது வாசலிலிருந்தே தெரியும். திரும்பத் திரும்ப ஏன் என்று கேட்டிருக்கிறார்.

"உன் பேரைச் சொல்லக் கூடாதுன்ட்ட. நான் இன்னா பண்றது ரீனா? நெசவு சரியில்ல, கரையில இழை விட்டுப் போவுது, கடைக்காரங்க கம்ப்ளைண்ட் பண்றாங்கன்னு சொல்லிட்டேன். எந்தச் சேலைன்னு கேட்டாரு. வாயில வந்தது, போன மாசம் போன மயில்கழுத்துக் கலருன்னுட்டேன். காஞ்சிபுரம் கடையில கீது, கையில இருந்தா காட்டியிருப்பேன்னேன்."

"அப்பா இன்னா சொன்னாரு?"

"கையைத் திருப்பித் திருப்பிப் பாத்துகினாரு. சரின்ட்டுப் போய்ட்டாரு."

அவரைத் திட்டலாம் என்று வந்தவள் திட்டாமல் நின்றாள். அவர் சொன்ன பொய்க்கு வாய் மட்டும்தான் அவருடையது. அவர் ஏதோ சமாதானம் சொல்லத் தொடங்கினார். காஞ்சிபுரம் என்ற சொல் மட்டும் அவள் காதில் நின்றது. அவள் படியிறங்கி ஓடினாள்.

பேருந்து நிலையத்தில் காஞ்சிபுரம் பேருந்துகள் நிற்கிற இடத்தில், சிமெண்ட் பெஞ்சில், அடைக்கலசாமி உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி. மடியில் மஞ்சள் பை. செருப்பைக் கழற்றி ஜோடியாகப் பக்கத்தில் வைத்திருந்தார், வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவர் மாதிரி.

உயிரோடு இருந்தார். அது தெரிந்தும் ரீனாவால் உடனே கிட்டே போக முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பெஞ்சுக்கு எதிரே டீக்கடைக்காரர், பெரியவர் உங்க வீட்டு ஆளா என்று விசாரித்தார். ஆறு மணிக்கு முன்னாலேயே வந்தாராம். நாலு பஸ் போய்விட்டதாம். கண்டக்டர் கூப்பிட்டும் ஏறவில்லையாம்.

அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பா திரும்பிப் பார்த்தார். ஆச்சரியம் இல்லை, சந்தோஷம் இல்லை, சலிப்புகூட இல்லை. பஸ்ஸைப் பார்ப்பது போலவே அவளையும் பார்த்தார். ஆற்றங்கரையில் பட்ட பயத்தைவிட இது மோசமாக இருந்தது.

எங்கே கிளம்பினீர்கள் என்று கேட்டாள். காஞ்சிபுரத்தில் ஒரு சேலையைப் பார்க்க வேண்டும் என்றார். பையைத் திறந்து காட்டினார். உள்ளே பூதக்கண்ணாடி இருந்தது, ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. வேறு எதுவும் இல்லை. பிறகு ஏன் ஏறவில்லை என்று கேட்டாள்.

"ஏறலாம்னுதான் வந்தேன்" என்றார். "தப்பைக் கண்ணால பாத்து இன்னா பண்ணப் போறோம்னு இருந்துச்சு. வூட்டுக்குத் திரும்பிப் போயும் இன்னா பண்றது. அப்படியே உக்காந்துட்டேன்."

சொல்லிவிட வேண்டும் என்று வரும் வழியிலேயே முடிவு செய்திருந்தாள். ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்ற பயம் வந்தது. இத்தனை நாள் அவர் நம்பி வாங்கிக்கொண்ட ஒரே கை அவளுடையது. அவள் கொண்டுவரும் சோற்றைத்தான் அவர் பாதியாவது சாப்பிட்டார். இதைச் சொன்னால் அதுவும் போய்விடலாம். சொல்லாவிட்டால் இந்த மனிதர் தன் கை கெட்டுப்போய்விட்டது என்ற நினைப்போடு இன்றிரவும் அந்த வீட்டில் படுப்பார்.

"அப்பா, அந்தச் சேலையில ஒரு தப்பும் இல்ல. எந்தச் சேலையிலயும் இல்ல. நீங்க தலை சுத்தி விழுந்தீங்க இல்ல, அன்னிக்கு நான்தான் எழிலண்ணாகிட்டப் போயி உங்களுக்குப் பாவு குடுக்க வேணாம்னு சொன்னேன். என் பேரைச் சொல்லக் கூடாதுன்னும் சொன்னேன். அதனால அவரு பொய் சொல்லிட்டாரு."

அவர் புரிந்துகொண்டாரா என்று தெரியவில்லை. செய்யாறு பஸ் ஒன்று பின்னால் வந்து திரும்பியது. புகை போன பிறகுதான் கேட்டார்.

"எப்ப சொன்ன?"

"பதினாறு நாள் ஆச்சு."

அவர் வலது கையைப் பார்த்தார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, இழை முறுக்குவது போல ஒரு தரம் தேய்த்தார்.

"உங்கம்மா கல்யாணச் சேலை நான் நெய்ததுதான்" என்றார். "முந்தாநேத்து பீரோவுலேருந்து எடுத்து வெளக்குக்கு நேரா வெச்சிப் பாத்தேன். அதுலயும் தப்பு தெரிஞ்சுது. கரை ஓரமா நாலஞ்சு எடத்துல. அப்பவே நமக்கு நெசவு வரல, நாப்பத்தஞ்சு வருஷமா யாரும் சொல்லாம இருந்திருக்காங்கன்னு நெனச்சேன். உங்கம்மாவும் தெரிஞ்சே கட்டிகினு இருந்தான்னு நெனச்சேன்."

"அந்தச் சேலையில தப்பு இல்லப்பா."

"எனக்குத் தெரிஞ்சுது" என்றார். "கண்ணால பாத்தேன்."

இல்லாத தப்பைக் கண்ணால் பார்க்கும் அளவுக்கு அவர் தனியாகப் போயிருக்கிறார். அதுவரை அவரை அனுப்பி வைத்தது தான்தான் என்பதும், அவருடைய கையை மட்டும் இல்லை, செத்துப்போன அம்மாவையும் சேர்த்து அவர் சந்தேகப்படும்படி செய்தது தான்தான் என்பதும் ரீனாவுக்கு ஒன்றாகத் தெரிந்தது. மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். அது தனக்காகக் கேட்பது என்று பட்டதால் சொல்லவில்லை.

போன் அடித்தது. ஆல்பின். கார் கிடைத்துக் கிளம்பிவிட்டான். அப்பா கிடைத்துவிட்டார் என்றதும் ஸ்தோத்திரம் என்றான். துணிமணிகளை எடுத்து வைக்கச் சொல்லு, வந்ததும் கிளம்ப வேண்டியதுதான், பின்ரூமில் கட்டில் போட்டாயிற்று, பகலில் பார்த்துக்கொள்ள ஆள் பேசியாயிற்று என்றான். போனில் அவன் குரல் பெஞ்சு வரைக்கும் கேட்டது. அவள் அப்பாவைப் பார்த்தாள்.

"வரலைன்னு சொல்லு" என்றார்.

பத்து மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் மறுப்பு அது. குரல் உயரவில்லை. ஆனால் தாடை இறுகியிருந்தது, கழுத்து நரம்பு தெரிந்தது. நேரில் வா, பேசிக்கொள்ளலாம் என்று ஆல்பினிடம் சொல்லி ரீனா போனை அணைத்தாள்.

டாக்டரம்மா அன்று அவளைத் தனியாக நிறுத்தி இன்னொன்றும் சொல்லியிருந்தார். பயமாக இருந்தால் சுற்றி வளைக்காதீர்கள், நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது. வந்திருந்தால் சொல்ல ஓர் ஆள் கிடைக்கும். ஒரு வாரமாக ரீனா அந்தக் கேள்வியை வாசல் வரை கொண்டுவந்து, கேரியரை மட்டும் உள்ளே வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். இப்போது சுற்றிலும் பஸ்ஸும் ஜனமும் பூக்கூடையுமாக இருந்தது. இதைவிட நல்ல இடம் வராது என்று தோன்றவில்லை. இதற்குமேல் தள்ளிப்போட முடியாது என்று மட்டும் தோன்றியது.

"அப்பா. செத்துடலாம்னு நெனச்சீங்களா?"

அவர் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார். இடது காலின் வார் மடங்கிக் கிடந்தது. ரீனா குனிந்தாள். அவர் கையால் அவளைத் தடுத்துவிட்டுத் தானே நிமிர்த்தி மாட்டினார். கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு எழுந்து நின்று வேட்டியை உதறிக் கட்டினார்.

"நுனியை அறுக்கச்சே நெனச்சேன்" என்றார். "காலையில குளிக்கச்சேயும் நெனச்சேன்."

"இப்ப?"

அவர் அவளைப் பார்த்தார். அன்று முதல் தடவையாக, அவளை அவளாகப் பார்த்தார். அந்தப் பார்வையில் பாசம் இல்லை.

"இப்பக் கோவமா இருக்குது" என்றார். "உன்மேல. அது எறங்கினப்புறம் கேளு."